கோபாலு ஆயா

மாவை விரலில் தொட்டு மூக்குக்கு நேராகத் தூக்கிப் பார்க்கிறாள் சிசிலி. உடனே சொட்டினால் மோர் கூடிவிட்டது என்று அர்த்தம். சொட்டவே மாட்டேன் என்று அடம்பிடித்தால் போதவில்லை. இரண்டுக்கும் நடுவில், யோசித்து யோசித்து விழ வேண்டும். "நம்ம கணக்கப்பிள்ளை லீவு குடுக்கிற மாதிரி விழணும்" என்பது அவள் சொல்லும் பக்குவம். அப்படியே விழுகிறது. திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டு அடுப்பைக் கவனிக்கப் போகிறாள்.

குமுளிக்கு மேலே ஏழாவது மைலில் இருக்கும் தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், மூன்றாம் லயத்தின் கடைசி வீடு அவளுடையது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டிலிருந்து வெந்த பழமும் ஏலக்காயும் கலந்த வாசனை எழுந்து லயம் முழுக்க நடமாடும். தோட்டத்துத் துரை பங்களாவுக்குப் பின்னால் ஒரு பேரி மரம் நிற்கிறது. அதன் காய் கல்லுக்குத் தம்பி; கடித்தால் பல்தான் போகும். சிசிலி அதைத் தோல் சீவி, துண்டு போட்டு, வெல்லமும் ஏலப்பொடியும் தூவி அலுமினியத் தேக்சாவின் அடியில் பரப்புவாள். மைதாவில் வெண்ணெயும் மோரும் ஒரு சிட்டிகை ஆப்பச் சோடாவும் போட்டுப் பிசைந்த மாவைக் கரண்டி கரண்டியாக மேலே இடுவாள். மூடியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் கனலை அள்ளி வைப்பாள். "கீழ கொஞ்சம், மேல நெறைய. தல சுடணும், காலு சுடக்கூடாது." பங்களாவில் இதற்கென்று இரும்பு அடுப்பு இருந்தது. லயத்தில் அதற்கு எங்கே போவது?

சிசிலி பங்களாவில் ஆயாவாக இருந்த காலத்தில், வெள்ளைக்காரத் துரைசானி இந்தப் பலகாரத்தைக் காப்ளர் என்பாள். சிசிலியின் நாக்கு அதைக் கோபாலு ஆக்கிவிட்டது. "வேதக்காரி நீ, பூசை கண்டுட்டு வந்த கையோட கோபாலு சுடுறியே, சாமியார் வைய மாட்டாரா?" என்று பக்கத்து வீட்டு மருதாத்தாள் கேலி செய்வாள். "அவருக்கும் ஒரு துண்டு குடுத்துவிட்டேன். ரெண்டாவது துண்டு கேட்டு ஆள் அனுப்பினாரு" என்பாள் சிசிலி. தோட்டத்தில் அவளுக்குக் கோபாலு ஆயா என்றே பெயர்.

இப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. தோட்டத்துப் பிள்ளைக் கொட்டகையில் வேலை. அம்மாக்கள் கொழுந்து பறித்துவிட்டு வரும்வரை முப்பது குழந்தைகளைக் கட்டி மேய்க்கிறாள். பங்களாப் பழக்கம் அவளை விடவில்லை. சேலைத் தலைப்பைத் தோளில் ஊசி குத்தித்தான் உடுத்துவாள். கஞ்சியோ காப்பியோ கீழுதட்டில் ஒரு சொட்டு வைத்துச் சூடு பார்த்த பிறகே குழந்தைக்குக் கொடுப்பாள். நடுப்பகல் பன்னிரண்டு மணிக்குக் குழந்தைகளை வரிசையாகப் படுக்கப்போட்டு, ஒவ்வொன்றுக்கும் "குட்நைட்" சொல்வாள்.

அந்தப் பழக்கம் வந்த கதை பெரிதல்ல. புருஷன் மலைக்காய்ச்சலில் போனபோது மகனுக்குப் பத்து மாதம். பங்களாவில் துரைக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது, ஆயா தேடினார்கள். சம்பளம், சாப்பாடு, தங்க அறை எல்லாம் உண்டு. சொந்தப் பிள்ளையை மட்டும் கூட வைத்துக்கொள்ளக் கூடாது. சிசிலி மலையிறங்கி, கம்பத்துக்குப் பக்கத்தில் ராயப்பன்பட்டியில் இருந்த அக்காள் சூசையம்மாவின் மடியில் மகனைப் போட்டுவிட்டு அழுதுகொண்டே திரும்பி வந்தாள். வருஷத்துக்கு ஒரு முறை, கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டு நாள் லீவு. பிஸ்கட் டப்பாவும் கையுமாக, தோளில் ஊசி குத்திய வெள்ளைச் சேலையில் போய் நிற்பாள். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரம்மா வந்துவிட்டாள் என்று பையன் குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான்.

சூசையம்மா நல்லவள். தங்கச்சியின் பிள்ளை தங்கச்சியை அலட்சியமாக நினைத்துவிடக் கூடாது என்று அவளுக்குக் கவலை. அவனைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தி, "பெத்தவுக வந்திருக்காகப்பு. துரை பங்களாவுல இருக்கவுக. மரியாதையாப் பேசணும். வாங்கன்னு சொல்லு" என்பாள். பையன் சொல்வான், "வாங்க." நல்ல எண்ணத்தில் நட்ட செடிதான். அது இப்படி வேர்விடும் என்று யாருக்குத் தெரியும்?

யுத்தம் முடிந்த மறு வருஷம் துரை குடும்பம் கப்பலேறியது. அந்தப் பெண்ணுக்கு அப்போது ஒன்பது வயது. அதுவரை அவளுக்குத் தமிழ்தான் தாய்மொழி மாதிரி. "ஆயா, நீ வா", "ஆயா, நீ ஊட்டு", "ஆயா, நீ போகாதே" என்று வாய்க்கு வாய் நீதான். அது பிள்ளை தாயிடம் சொல்கிற நீயா, எஜமானி வேலைக்காரியிடம் சொல்கிற நீயா என்று சிசிலி ஒருநாளும் ஆராய்ந்து பார்த்ததில்லை. ஆராய்ந்து எதற்கு? காதுக்கு இனிமையாக இருந்தது. துரை குடும்பம் போன மறுவாரமே மகனைக் கூட்டிவர ராயப்பன்பட்டிக்கு ஓடினாள். அவன் சூசையம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "நான் வரலைங்க, என்னைய விட்ருங்க" என்று அழுதான். விட்டுவிட்டு வந்தாள்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். வளரத்தான் செய்தான். அமிர்தநாதனுக்கு இப்போது இருபத்தொரு வயது; கம்பம்–குமுளி பஸ்ஸில் கண்டக்டர். மாதத்தில் ஒரு ஞாயிறு தாயைப் பார்க்க வருவான். வெற்றுக் கையோடு வரமாட்டான், குடிக்கமாட்டான், குரலை உயர்த்திப் பேசமாட்டான். "சௌக்கியமாங்க? உடம்பப் பாத்துக்கிடுங்க" என்று கேட்டுவிட்டுச் சுவரோரம் உட்காருவான். "என்ன மரியாதை, என்ன மரியாதை! எம்மகன் என்னைய வாடி போடிங்காத கொறதான்" என்று மருதாத்தாள் பொருமுவாள். சிசிலிக்கு மருதாத்தாள்மேல் பொறாமையாக இருக்கும்.

ஒரு தடவை அவனுடைய பஸ்ஸிலேயே ஏற நேர்ந்தது. முறுக்குக் கூடையோடு வழியை மறித்துக்கொண்டிருந்த ஒரு கிழவியைப் பார்த்து, "ஏத்தா, நீ முன்னால தள்ளி ஒக்காரு. கூடைய மடியில வையி. ஒனக்கு எத்தன தடவ சொல்றது?" என்று அதட்டினான். கிழவி பொக்கை வாயால் சிரித்துக்கொண்டே நகர்ந்தாள். அடுத்து சிசிலியிடம் வந்தான். "நீங்க ஒக்காருங்கம்மா. காத்து வருதுங்களா?" மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகள் அத்தனையும் தாண்டிக் கீழே இறங்கும்வரை சிசிலி அந்தக் கிழவியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

போன கிறிஸ்துமஸுக்கு வெட்கத்தை விட்டுக் கேட்டேவிட்டாள். "அமிர்தம், என்னைய எதுக்குய்யா நீங்க நீங்கங்கிற? பெரியம்மாவ நீன்னுதான சொல்ற? என்னையும் அப்பிடியே கூப்புடுய்யா."

அவன் தாய் சொல்லைத் தட்டாத பிள்ளை.

"சரிங்க" என்றான்.

அவனுக்கு இனிப்பு அவ்வளவாகப் பிடிக்காது என்பதும் அவளுக்குத் தெரியும். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு என்றால் சட்டியை வழிப்பான் என்று அக்காள் சொல்லியிருக்கிறாள். சிசிலிக்குக் கருவாட்டுக் குழம்பு வைக்கத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்தக் குழம்பு சூசையம்மாவுடையது. இருபது வருஷமாக அவள் வைத்த குழம்போடு இவள் எந்த முகத்தோடு போட்டி போடுவாள்? ஒரு பிள்ளைக்கு ஊட்டி, இன்னும் வேண்டும் என்று அது வாயைத் திறந்து காட்டிய பண்டம் அவள் கையில் ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் சுடுகிறாள். அவனும் இரண்டு கரண்டி தின்றுவிட்டு, "நல்லாருக்குங்க" என்று தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவான்.

இன்றைக்கு வழக்கத்துக்கு முன்பாகவே வந்துவிட்டான். புது வேட்டி, மடித்த துண்டு. தேக்சாவின் மேல் கனல் இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. "வாய்யா, இந்தா ஆயிருச்சு" என்கிறாள். அவன் உட்காராமல், மாடத்தில் இருந்த தட்டை எடுத்துத் துடைத்து, பையிலிருந்து வெற்றிலை பாக்கும் மஞ்சள் தடவிய ஒரு கடிதமும் எடுத்து வைத்து, இரு கையாலும் நீட்டுகிறான். உத்தமபாளையத்துப் பெண். அடுத்த ஞாயிறு மாதா கோயிலில் திருமண ஓலை வாசித்து ஊரறியச் சொல்கிறார்கள். எல்லாம் பெரியம்மா பார்த்து முடித்தது.

"தை மாசம் கலியாணமுங்க. நீங்க அவசியம் குடும்பத்தோட வந்துரணும்."

காலையிலிருந்து குமுளியில் பத்து வீடு ஏறி இறங்கியிருப்பான். பத்து வீட்டிலும் சொன்னது பதினோராவது வீட்டிலும் வந்துவிட்டது. அவனுக்குத் தான் சொன்னது உறைக்கவேயில்லை. சிசிலி தட்டை வாங்கிக் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். எந்தக் குடும்பத்தோடு வருவாள்? அவளுடைய குடும்பம் மொத்தமும் எதிரே புது வேட்டி கட்டிக்கொண்டு நிற்கிறதே! முகத்தை அவனுக்குக் காட்டக் கூடாது என்று சட்டென்று திரும்பி அடுப்பின் முன் குந்துகிறாள். கண்ணீர் கண்ணை மறைக்கிறது. பிடிதுணியை எடுக்க மறந்து, கனல் ஏந்திய மூடியை வெறுங்கையால் பற்றிவிடுகிறாள்.

"ஏய், கைய எடு! எடும்மா! ஒனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

லயமே அதிரும்படி கத்திக்கொண்டு பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கிறான். செம்பில் இருந்த தண்ணீரை விரல்களின்மேல் ஊற்றுகிறான். "கண்ணு தெரியலயா ஒனக்கு? சின்னப் பிள்ளையா நீ?" ஊற்றிக்கொண்டே திட்டுகிறான். சிசிலி விரலைப் பார்க்கவில்லை. அவன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

செம்பில் தண்ணீர் தீர்ந்துவிடுகிறது. அமிர்தநாதனுக்குச் சுயநினைவு வருகிறது. பிடித்த கையை விட்டுவிட்டு ஓரடி பின்னால் நகர்கிறான்.

"ஏதோ பதட்டத்துல வாய் தவறி மரியாதையில்லாமப் பேசிப்புட்டேங்க. மனசுல வச்சுக்கிடாதீங்க" என்கிறான். "ஒக்காருங்க. இன்னும் தண்ணி கொண்டாறேன்."

செம்பை எடுத்துக்கொண்டு வாசலோரத்துக் குடத்தின் பக்கம் போகிறான். குனிந்து தண்ணீர் மொள்கிறான். சிசிலி அவன் முதுகையே பார்த்தபடி, பிடிதுணியைக் காலால் தள்ளி விறகுக்கு அடியில் ஒளிக்கிறாள். அவன் நிமிர்ந்து திரும்புகிற வரைக்கும் காத்திருந்து, இன்னொரு கையை மூடியை நோக்கி நீட்டுகிறாள்.