சாமியார் கழுவிய கால்

பெரிய வியாழன் பூசையில், ஆண்டவர் தம் சீடர்களின் பாதம் கழுவியதன் நினைவாக, சாமியார் பாதம் கழுவும் பன்னிரண்டு பேரில் இந்த வருஷம் நானும் ஒருவன். காலுக்குச் சோப்புப் போட்டபோது, அந்த வாசனையில், அப்பாவை அப்படி அழைத்திருந்த வருஷம் நினைவுக்கு வந்தது.

ஆண்டிமடத்தில் முந்திரிக்கொட்டை வறுக்கும் வேலையில், ஓட்டு எண்ணெய் பட்டுப்பட்டு அவர் பாதங்கள் கறுத்துப்போயிருந்தன. அம்மா செங்கல்லால் தேய்த்தும் கறை போகவில்லை.

“இந்தக் காலப் போயி சாமியாரு கையில குடுக்கறதா? நான் வரல புள்ள” என்றார் அப்பா.

“பேதுருவும் இப்புடித்தான் வேணாம்னாரு. ஆண்டவரு விட்டாரா? கெளம்புங்க” என்றாள் அம்மா.

கோயிலில் சாமியார் தண்ணீர் ஊற்றித் துடைத்து, கறையின் மேலேயே முத்தமிட்டார். அப்பாவின் கால்விரல்கள் சட்டென்று மடங்கின.

அந்த நேரம் அவருக்கு எப்படி இருந்தது? கேட்க எனக்குக் கூச்சம். கடைசிவரை அவரும் சொல்லவில்லை. இன்று சாயங்காலம் தெரிந்துவிடும்.