உப்பில்லாக் கடலுக்கு ஒரு வான்

ஊர்காட்டும் தொழிலில் வான் வண்டிக்கு முன் பழுதாவது ஓட்டுநரின் வாய். தொண்ணூறுகளில், கோடைச் சனிக்கிழமைகளில் கனடாவின் சென் ஜேம்ஸ் ரவுணிலிருந்து நம்மவரை ஏற்றிச் சென்ற எனக்கு இது தெரியும். உங்களுள் அத்தொழிலில் அல்லற்பட்டோர்க்கும் தெரியும். ஒன்ராறியோ ஏரிக்கரையில் இருந்த ஒரு மீன்பிடிக் கிராமத்தைக் ‘கடலோரக் கிராமம்’ என்று அறிவித்தலில் எழுதித் தமிழ்க் கடைகளில் ஒட்டியிருந்தேன். மறுகரை தெரியாத நீர்தானே என்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஏறும்போது

ஆடி அமாவாசை ஒரு சனிக்கிழமையில் வந்தது. ரெக்ஸ்டேலிலிருந்து வந்த ஒருவர் செம்பும் எள்ளுப் பொட்டலமுமாக முன் இருக்கையில் அமர்ந்தார். கனடாவுக்கு வந்து மூன்று மாதமே ஆனவர். அகதி வழக்கு முடியாததால் தந்தையின் செத்தவீட்டுக்குப் போக இயலவில்லை.

“அப்பா தன்ர அப்பாவுக்குக் கீரிமலைக் கடலிலதான் பிதிர்க்கடன் செய்தவர். இங்க கடலுக்கு ஆர் கொண்டுபோவினம் எண்டு யோசிச்சுக்கொண்டிருந்தன், உங்கட நோட்டீசைக் கண்டன்!”

பார்க்க வேண்டியது

இறங்குதுறை முனையில் ஒரு வெளிச்ச வீடு. அறிவித்தலில் அதனை ‘வானளாவியது’ என்று எழுதியிருந்தேன். மன்னார் அன்ரி ஒருவர் இடுப்பில் கைவைத்து அதனை மேலும் கீழுமாக அளந்தார்.

“தம்பி, உதுதானோ வானத்தைத் தொடுறது? எங்கட கோயில் மணிக்கோபுரம் உதைக் குனிஞ்சு பாக்கும்!”

உண்ண வேண்டியது

கரையில் படகுக்காரர் விற்ற மீனை வாங்கி, நாம் கொண்டுபோன மிளகாய்த்தூளில் பிரட்டிப் பொரித்தோம். அங்கிள் ஒருவர் ஒரு துண்டை மென்றார், கண்ணை மூடினார், தீர்ப்பு வழங்கினார். எல்லோரும் சிரித்தனர், நானும் சிரித்தேன். உண்மையைச் சொல்ல அதுவே தருணம். செம்புக்காரரோ அதற்குள் நீரை நோக்கி நடந்துவிட்டார்.

அங்கிளின் தீர்ப்பு இதுதான்: “மீன் நல்ல மீன்தான் தம்பி. ஆனா இந்த மீனார் கடலைக் கண்ணாலயும் கண்டிருக்கமாட்டார்!”

செய்ய வேண்டியது

செம்புக்காரர் மூழ்கி எழுந்தார். உதட்டை நாவால் தடவினார், மீண்டும் தடவினார், என்னைத் திரும்பிப் பார்த்தார். வாசகரே, சிறு பொய்யொன்றை எழுதுமுன், அதனை நம்பி வருபவர் கையில் என்ன கொண்டுவருவார் என்று எண்ணிப் பாருங்கள். சாக்குகள் பல நாவில் வந்து நின்றன. அனைத்தையும் விழுங்கிவிட்டு, “அண்ணை, இது ஏரி. நான்தான் கடலெண்டு எழுதினனான். பிழை என்னுடையது” என்றேன்.

முழங்கால் நீருக்கு வந்து செம்பை நிரப்பினார். பின் எள்ளைக் கையில் எடுத்துத் தண்ணீருடன் மும்முறை இறைத்தார். கரையேறித் துவாயைப் பிழிந்தவாறே சொன்னார்:

“கீரிமலையில கடலுக்குப் பக்கத்துக் கேணியிலயும் உப்பில்லைத்தான். அப்பாவுக்கு இது காணும். ஆனா தம்பி, அந்தக் கேணியை ஒருத்தரும் எனக்குக் கடலெண்டு சொல்லேல்லை.”

அடுத்த கிழமை முதல் அறிவித்தலில் ‘ஏரி’ என்றே எழுதினேன். இரண்டு இருக்கைகள் காலியாகத்தான் போயின, ஆயினும் யார் அந்தத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தாலும் நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.