பீமை மாற்ற மறந்தவன்

மலேசியாவின் கமுந்திங்கில் உலோகப் பொடியை லேசரால் உருக்கி, அடுக்கடுக்காகப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் நான் இன்ஜினியர். கண்ணாடி இழை வழியே வரும் அந்த லேசர் பீமைத் தேவைக்கேற்ப அகலமாகவோ ஊசிபோல மெல்லியதாகவோ மாற்றலாம். ஒருநாள் தடித்த பாகத்துக்காக அகலமாக்கிய நான், திரும்ப மாற்ற மறந்துவிட்டேன். மறுநாள் காலை ஆபரேட்டர் கலா ஓட்டிய மெல்லிய குழாய்கள் அத்தனையும் உருகிக் கோணிப்போயின.

மேனேஜர் கத்தினார். கலா மெஷின் பதிவைத் திறந்து காட்டினாள்.

"அந்த செட்டிங் எங்களுக்குத் திறக்காது சார். மாத்துனது யாருன்னு பேரப் பாருங்க லா."

என் பெயர் இருந்தது. மேனேஜர் படித்தார், திரையை மூடினார்.

"ஓட்டுனது நீதானே?"

கலா என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்க."

நான் தலைகுனிந்து நின்றேன். அன்றே அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

சில மாதம் கழித்து தைப்பிங்கில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். மேசை துடைத்துக்கொண்டிருந்தவள் கலா.

"என்னண்ணே குடிக்கிறீங்க?" என்றாள், சாதாரணமாக.

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். "தே தாரேக்" என்றேன்.

வேலை போய்விடுமே என்ற பயத்தில்தான் அன்று பேசாமல் இருந்தேன் என்று அதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கடையில் நான் யாருக்குப் பயந்தேன்?