வெள்ளிக்கிழமை உப்பு

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் படித்து முடித்தவள். ஜப்பான்காரன் வந்து நாட்டைப் பிடித்தபின் ரப்பரை வாங்க ஆளில்லாமல் போகவே, பால்மரம் வெட்டிப் பால் எடுத்துவந்த அப்பா உப்பு வியாபாரி ஆனார். கடலோரத்தில் காய்ச்சிய உப்பை சைக்கிளில் கட்டி, லிங்கிப் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்து லய வீட்டுக்குக் கொண்டுவருவார். மூட்டையைக் கட்டிலுக்கு அடியில் வைத்து, விலை ஏறும்வரை காத்திருந்து, சிரம்பான் டவுனில் நோட்டுக்கு விற்பார்.

முதலில் அந்த வழி சரியாகத்தான் இருந்தது. பிறகு வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு எங்கும் குப்பையாகக் குவிந்தது. உப்பு விலை ஏற ஏற அப்பாவுக்குப் பெருமை. அவர் கொண்டுவரும் நோட்டுக்கட்டு தடித்தது. அரிசிப் பை இளைத்தது. இது என் கண்ணுக்குத் தெரிந்தது, அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

"அப்பா, ஒரு டின் உப்புக்கு எவ்வளவு அரிசின்னு மட்டும் பாருங்க. நோட்டு வேண்டாம். சாமானுக்குச் சாமான் மாத்திடுங்க."

"கணக்கெழுதுற கிராணியம்மா சொல்லிட்டாங்க!" என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "உன் மக பாசார்ல கடை போட்டுருவா போலிருக்கு. போய் மரவள்ளிக்கிழங்க உரி, போ."

உரித்தேன். தோலோடு சேர்த்துக் கிழங்கையும் சீவினேன், அவ்வளவு கோபம்.

அப்போதுதான் தங்கைக்கு மலேரியாக் காய்ச்சல் வந்தது. உப்பு மூட்டைக்கு மேலிருந்த அதே கட்டிலில் நடுங்கிக்கொண்டு கிடந்தாள். அப்பா நோட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு கொய்னா மாத்திரை தேடிச் சிரம்பான் முழுக்க அலைந்தார். நோட்டைப் பார்த்ததும் எல்லாரும் இல்லை என்று கையை விரித்தார்களாம். வெறுங்கையோடு திரும்பினார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அம்மா விளக்கேற்றிய சிறிது நேரத்தில் கருவாடு போடும் சீன முதலாளி ஒருவர் சைக்கிளில் வந்தார். அவர் சட்டைப்பையில் கொய்னா இருந்தது. பதிலுக்கு உப்புக் கேட்டார்.

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். "விளக்கு வச்சாச்சு தவுக்கே. வெள்ளிக்கிழமை உப்பு வாசல் தாண்டினா லட்சுமி கூடவே போயிடுவா. காலையில வாங்க, மூட்டையாவே தர்றேன்."

"காலைல மீனு நாறிப் போகும்லா," என்றார் சீனர் தெரிந்த தமிழில். "இப்ப இல்லன்னா அடுத்த தோட்டம் போறேன்."

அவர் சைக்கிளைத் திருப்பினார். நான் அப்பாவிடம் திரும்பினேன்.

"எந்த லட்சுமியப்பா? கட்டில்ல கெடக்கிறாளே, அவ போனா பரவாயில்லையா?"

குனிந்து மூட்டையை இழுத்தேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். "உப்பத் தொட்டே, கைய முறிச்சிடுவேன்."

"விடுங்க அவள," என்றார் அம்மா. இத்தனை வருடத்தில் அம்மா அவருக்கு உத்தரவு போட்டு நான் கேட்டதில்லை. அப்பாவின் பிடி தளர்ந்தது. மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு, செம்மண் ரோட்டில் கத்திக்கொண்டே ஓடினேன். தோட்டத்து எல்லையில்தான் சீனர் நின்றார்.

தங்கை பிழைத்தாள். லட்சுமி எங்கும் போனதாகத் தெரியவில்லை. அப்பா மட்டும் என்னோடு பேசவில்லை.

பிறகு ஒருநாள் நான் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரரிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "காலம் மாறினா யாவாரத்தையும் மாத்தணும் மச்சான். நான் இப்ப நோட்டத் தொடுறதே இல்ல. சாமானுக்குச் சாமான்தான். நாள் கிழமையெல்லாம் பாத்தா பொழைக்க முடியுமா?"

"பெரிய மூளைதான்லா ஒங்களுக்கு!"

அப்பா மறுக்கவில்லை. நான் அங்கேதான் நிற்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். வாளி நிரம்பி வழிந்தது. நான் குழாயை மூடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த நேரத்துக்கு மறுபடி சீனரின் சைக்கிள் மணி கேட்டது. அப்பா நெடுநாளைக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, அந்த மூட்டைய எடுத்துக் குடு."

"நீங்களே எடுங்கப்பா. உங்க யாவாரம்தானே."

கட்டிலில் உட்கார்ந்திருந்த தங்கை, அவர் குனிய வழிவிட்டுக் கால்களை மேலே தூக்கிக்கொண்டாள்.