புண்ணிய காலத்தில் திறந்திருந்த கதவு

மன்னிப்பது பெரிய குணம் என்று எனக்குப் புத்தி சொல்ல வருகிறவர்கள் யாரும் என் அத்தானோடு சேர்ந்து கோட்டை காத்தவர்கள் இல்லை. நான் காத்திருக்கிறேன். முழுதாக இரண்டு வருடம். கடைசியில் துரோகிப் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அந்தப் பட்டத்தைக் கல்லிலே வேறு வெட்டி வைத்தார் மனிதர்.

கோட்டை என்றதும் சிகிரியாவை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது கைபேசிக்குள் இருந்த கோட்டை. ஊர் உலகத்து ஆட்களெல்லாம் இணையத்தில் ஒரே நேரத்தில் வந்து, ஆளுக்கொரு வேடம் போட்டு, கூட்டம் சேர்த்து, நிலம் பிடித்துச் சண்டை போடுகிற விளையாட்டு. அத்தான் என் அக்காவின் கணவர். தம்புள்ளையில் மரக்கறி மொத்த வியாபாரம். லொறிகள் போனபிறகு மத்தியானத்தில் மனிதருக்குக் கை சும்மா இருக்காது. நான் மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோ கொப்பி, அடையாள அட்டைக்குப் படம், போனுக்கு ரீலோட். பத்து மணிக்குப் பிறகு பள்ளிக்கூடம் விடும்வரை எனக்கும் ஈ ஓட்டுகிற வேலைதான்.

"சும்மாதானே ஒக்காந்திருக்க, வந்து சேரு புள்ள. ஒனக்கு நல்ல பதவி தாறேன்" என்று அத்தான்தான் இழுத்துவிட்டார்.

அந்த நல்ல பதவி வாசல் காவல். கோட்டைக் கதவைத் திறப்பதும் மூடுவதும் என் கையில். சிரிக்காதீர்கள், அந்த வேலையை நான் மனசாரச் செய்தேன். அந்தக் காலத்தில் விளையாட்டும் அழகாக இருந்தது. குதிரை வாங்கப் பல மாதம் நடக்க வேண்டும். காட்டில் மழை பெய்தால் வேடம் நனைந்து நடுங்கும். எங்கள் கூட்டத்தில் எல்கடுவத் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர், சந்தியில் மசாலாக் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானா, அத்தானின் லொறிக்காரச் சிங்களச் சிநேகிதர்கள் என்று பலரும் இருந்தார்கள். அத்தான் தலைவர். எங்களுக்கு எதிர்க்கூட்டம் வடக்குப் பக்கத்துப் பிள்ளைகள். நல்ல சண்டைக்காரர்கள், ஆனால் பேச்சு மாற மாட்டார்கள்.

ஒரு சித்திரை வருடப் பிறப்புக்கு இரண்டு தலைவர்களும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். வருடம் பிறக்கிற புண்ணிய காலத்தில் சண்டை கிடையாது. கதவு திறந்திருக்கும். யாரும் யார் கோட்டைக்கும் போய் வாழ்த்துச் சொல்லலாம். புண்ணிய காலம் முடிந்த பிறகு பழையபடி சண்டை. எனக்கு அது பிடித்திருந்தது. நம் ஊரில் அந்த நேரத்தில் மூலிகை போட்டுக் காய்ச்சிய மருத்து நீரைத் தலையில் வைத்து முழுகிவிட்டுப் புது உடுப்போடு இருப்போம், சிங்கள வீடுகளில் அடுப்பே மூட்ட மாட்டார்கள். வாளை மட்டும் ஏன் தூக்க வேண்டும்?

ஆனால் புண்ணிய காலம் எப்போது முடிகிறது என்பது இந்த நாட்டில் ஒரு பெரிய கேள்வி. வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்லும், திருக்கணித பஞ்சாங்கம் இன்னொரு நேரம் சொல்லும். பத்திரிகைக்காரன் நமக்கெதற்கு வம்பு என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிடுவான். எந்த வீட்டில் எதைப் பார்க்கிறார்கள் என்பது அந்த வீட்டுக்காரருக்குத்தான் தெரியும்.

அத்தான் எனக்குக் கதவு மூடும் நேரத்தைக் குடும்பக் குழுவில் எழுதி அனுப்பினார். "சரியா அந்த நேரத்துக்கு மூடு. ஒரு நிமிஷம் முந்தவும் வேணாம், பிந்தவும் வேணாம்." நான் முழுகிவிட்டு, தலையில் ஈரத்துண்டோடு போனைக் கையில் வைத்துக்கொண்டு கதவடியிலேயே நின்றேன். அவர் சொன்ன நேரத்துக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. அப்போது எதிர்க்கூட்டத்துத் தலைவர் பொதுவில் எழுதினார்: "புண்ணிய காலம் முடிஞ்சுது. வாறம்." வந்தார்கள். வாளோடு வந்தார்கள். நான் கதவை இழுத்து மூடுவதற்குள் பாதிப்பேர் உள்ளே. அரை மணித்தியாலத்தில் கோட்டை போய்விட்டது.

அவர்கள் பார்த்தது வாக்கியம். எங்கள் நேரம் திருக்கணிதம். அது எனக்குப் பிறகு விளங்கியது. கூட்டத்தாருக்கு அத்தான் சொன்னதோ வேறு கதை. "நேரத்தோட மூடச் சொன்னேன். அவ மருத்து நீர் வச்சு முழுகப் போயிட்டா. கதவ மறந்துட்டா." குடும்பக் குழுவில் தேடினேன். அவர் நேரம் எழுதிய செய்தியை எல்லாருக்குமாக அழித்திருந்தார். அக்கா வீட்டுக்கு ஓடினேன், அத்தான் நேரம் பார்க்கிற சுவர்க் கலண்டரைக் காட்டியாவது பேசலாம் என்று. சுவரில் ஆணி மட்டும் இருந்தது. என் பேச்சை யாரும் கேட்கவில்லை. இரண்டு வாரத்தில் எங்கள் கூட்டத்தார் கோட்டையைத் திரும்பப் பிடித்தார்கள். பிடித்த கூட்டம் வாசலில் ஒரு கல் நடலாம் என்பது விளையாட்டின் சட்டம். அத்தான் நட்டார். என் வேடத்தின் பெயரை எழுதி, கீழே 'கதவைத் திறந்துவிட்ட துரோகி' என்று வெட்டினார். என்னைக் கூட்டத்திலிருந்தும் தூக்கினார்.

விளையாட்டுத்தானே, விட்டுவிடு என்பீர்கள். விடலாம், அவர் விட்டிருந்தால். எந்தக் கல்யாண வீடு, எந்தப் புதுமனை என்றாலும் நான் உள்ளே வரும்போது "கதவ மூடிட்டியா புள்ள?" என்பார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எங்கள் கோயில் மாதர் சங்கத்தில் பாத்திர அறைச் சாவியை என்னிடம் கொடுக்கலாம் என்று ஒரு பேச்சு வந்தது. அக்காவைக் கூட்டிப்போக வந்திருந்த அத்தான் அங்கேயும், "இவகிட்டயா? நல்லா இருக்கும்! தொறந்து விட்டுட்டு முழுகப் போயிருவா" என்றார். சிரித்தார்கள். சாவி அக்காவிடம் போனது. வீட்டுக்கு வந்து அன்றைக்கு நான் அழுதேன். ஆத்திரத்தில் வருகிற அழுகை அது.

அன்றைக்கு முடிவெடுத்தேன். அந்த மனிதரைத் தலைகுனிய வைக்காமல் விடுவதில்லை.

எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. கூட்டத்தின் அறிவிப்புப் பலகையிலும் அத்தான் அந்த நேரத்தை எழுதியிருந்தார். அதையும் எடுத்துவிட்டார்தான், ஆனால் எடுத்த பழைய அறிவிப்புகளைத் தலைவரும் உபதலைவரும் பார்க்கலாம். நான் பதவிக்கு வரவேண்டும், அவ்வளவுதான். விட்டுப்போன விளையாட்டைத் திரும்பப் போனில் ஏற்றினேன். ஆண் வேடம் போட்டேன். பெரிய தோள், சின்னத் தாடி. ஊர் பதுளைப் பக்கம் என்று சொல்லிக்கொண்டேன்.

உள்ளே போய்ப் பார்த்தால், சீ என்று ஆகிவிட்டது. நடந்து நடந்து வாங்கிய குதிரையைப் புதிதாக வருகிறவனுக்கு முதல் நாளே சும்மா கொடுக்கிறார்கள். அதற்குச் சிறகு வேறு. சண்டை போட ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், வேடம் தானே வெட்டும், தானே குத்தும், தானே பொறுக்கும். நாம் பக்கத்தில் கொட்டாவி விடலாம். காட்டில் மழை பெய்தது, யாரும் நனையவில்லை. சந்தை இருந்த இடத்தில் மினுங்குகிற விளம்பரப் பலகைகள், ஆள் நடமாட்டமே இல்லை. எதிர்க்கூட்டமும் எப்போதோ கலைந்து போயிருந்தது. இதற்காகவா நான் இரண்டு வருடம் கதவடியில் நின்றேன் என்று இருந்தது. ஆனால் கல் மட்டும் இருந்தது. தமிழ் எழுத்தை அந்த விளையாட்டு ஒழுங்காகக் காட்டாது, கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் நிற்கும். அப்படியிருந்தும் துரோகி என்று நன்றாகவே வாசிக்க முடிந்தது.

கோட்டையில் அத்தான் தனியாக இருந்தார். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டிருந்தார்கள். நான் சேரலாமா என்று கேட்டதும் மனிதர் பூரித்துப் போனார்.

"வாங்க தம்பி, வாங்க! இப்ப யாரு வர்றாங்க? எல்லாம் வேற வேற கேமுக்குப் போயிட்டானுங்க."

மாதக்கணக்கில் மத்தியானம் மத்தியானமாக அவரோடு விளையாடினேன். அதை விளையாட்டு என்று சொல்ல முடியாது. பொத்தானை அமுக்கிவிட்டு இரண்டு பேரும் எழுத்தில் கதைத்துக்கொண்டு இருப்போம். கரட் அழுகியது, முழங்கால் வலி, மகள் பேச்சுக் கேட்கிறாள் இல்லை, எல்லாம் சொல்வார். எனக்கு எல்லாம் முன்பே தெரியும். தெரியாத மாதிரி "அப்படியா அண்ணே" என்பேன். பாவமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. ஒருநாள் என்னை உபதலைவராக்கினார். கைகால் பறக்க அறிவிப்புப் பலகையைத் திறந்தேன். காலி! விளையாட்டைப் புதுப்பித்தபோது பழைய அறிவிப்புகள் எல்லாவற்றையும் கம்பனிக்காரன் துடைத்து எறிந்திருந்தான். நாசமாய்ப் போக. போனை மேசையில் அடித்தேன், கண்ணாடி வெடித்தது.

அந்த ஆத்திரத்தில்தான் அடுத்த நாள் அத்தானிடம் நேராகவே கேட்டேன். "அண்ணே, வாசல்ல ஒரு கல்லு இருக்கே, அது யாரு?"

அத்தான் எழுதினார்:

"அது எங்க கொழுந்தியா தம்பி. பாவம், அவ மேல பிழையில்ல. நான்தான் வாக்கியம்னு அந்தப் பயலுககிட்ட ஒத்துக்கிட்டு வந்து, வீட்டுக் கலண்டரப் பாத்து நேரம் குடுத்துட்டேன். அது திருக்கணிதம். பொறவுதான் பாத்தேன்."

"அப்ப ஏன் அண்ணே கல்ல இன்னும் வச்சிருக்கீங்க?"

"எடுத்தா ஏன் எடுத்தேன்னு கேப்பாங்களே. இவ்வளவு காலமும் சிரிச்சிட்டு இப்ப என்னன்னு சொல்றது? அவ தைரியமான ஆளு. தாங்கிக்குவா."

அந்த நேரம் கடையில் எனக்கு முன்னால் ஒரு அம்மா பிறப்புச் சான்றிதழ் கொப்பி எடுக்க நின்றுகொண்டிருந்தார். நான் அதன் பின்பக்கத்தைக் கொப்பி எடுத்து, வெறும் தாளை அவர் கையில் கொடுத்தேன். பிறகு அவரிடம் மன்னிப்புக் கேட்டு, சரியாக எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, அத்தான் எழுதியதைப் படம் பிடித்தேன். கலரில், ஏ4 அளவில், பத்துப் பிரதி அடித்தேன். லாமினேட் பண்ணினேன். கொமியூனிகேஷன் கடைக்காரியோடு வைத்துக்கொண்டால் இதுதான் நடக்கும்.

அந்த வருடப் பிறப்புச் சாப்பாடு அக்கா வீட்டில். பாற்சோறும் பலகாரமுமாக எல்லாரும் மேசையைச் சுற்றி இருந்தார்கள். நான் உள்ளே வந்ததும் அத்தான் வழக்கம்போலக் கதவைப் பற்றிக் கேட்டார். நானும் வழக்கம்போலச் சிரித்துவிட்டு, பையைத் திறந்து ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். சின்னம்மாவுக்குக் கண் தெரியாது என்பதால் சித்தப்பா சத்தமாக வாசித்தார். "பொறவுதான் பாத்தேன்" என்ற இடம் வந்தபோது எல்லாரும் அத்தானைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அத்தான் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அந்தத் தம்பி நீயா?" என்றார்.

"ஆமா அத்தான். முழங்கால் இப்ப எப்படி?"

அவர் முகம் சுருங்கியதே, அதைப் பார்த்தபோது எனக்குப் பாற்சோற்றை விட இனித்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், இனித்தது. பிறகு மனிதர் எழும்பி நின்று, "பிழை என்னோடதுதான். புள்ள மேல ஒண்ணுமில்ல" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். அதற்கு மேல் நான் என்ன எதிர்பார்க்க? வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

சாப்பிட்ட தட்டுகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். அக்கா தண்ணீர்க் குழாயடியில் நின்றாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இப்ப சந்தோசமா? நல்ல நாளும் அதுவுமா மனுசன அசிங்கப்படுத்திட்ட."

"அவரு என்ன இத்தன வருசம் அசிங்கப்படுத்தினாரே அக்கா? ஒனக்கு இன்னிக்குத்தானே விசயம் தெரியும்."

"எனக்கு அன்னிக்கே தெரியும்டி. அந்தக் கலண்டரச் சுவத்துல இருந்து கழட்டினது யாருன்னு நெனக்கிற?"

நான் தட்டுகளைக் கீழே வைத்தேன்.

"நீ ஓடி வருவேன்னு தெரியும், அதான் கழட்டினேன். அவரு நாலு பேருக்கு முன்னுக்குத் தல குனிஞ்சா நான் எங்க போய் நிக்கிறது? நீ என் தங்கச்சிதானே. எனக்காகத் தாங்கிக்குவேன்னு விட்டுட்டேன்." அவள் குழாயை மூடிவிட்டுக் கையைத் துடைத்தாள். "சும்மா ஒரு கேமு. அதுக்குப் போயி..."

அதற்குப் பிறகு நான் அந்த வீட்டில் நிற்கவில்லை. ஒவ்வொரு தடவையும் எல்லாரும் சிரிக்கும்போது அவளும்தான் சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள் என் சொந்த அக்கா. என் கண்ணைத் துடைத்துவிட்டு, "விடு, அவரு வாய் அப்படித்தான்" என்று சொன்னதும் அவள்தான். அத்தான் செய்தது பயந்தவன் வேலை. அவள் செய்ததற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை.

அன்று மாலையே அத்தான் கல்லில் இருந்த என் பெயரை அழித்துவிட்டு, அழித்துவிட்டதாகச் செய்தியும் அனுப்பினார். உபதலைவருக்கும் கல் வெட்டும் அதிகாரம் உண்டு. உள்ளே போய் அதே இடத்தில், துரோகி என்ற வரிக்கு மேலே, அக்காவின் சொந்தப் பெயரை முழுதாக வெட்டினேன். அத்தான் அதை இன்றுவரை அழிக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவுமில்லை.

ஆனால் அக்கா அந்த விளையாட்டுக்குள் ஒருநாளும் போகிறவள் இல்லை, அந்தக் கல்லை அவள் பார்க்கப் போவதுமில்லை. அவள் வாசிக்கிறவள். கையில் கிடைத்தது எதையும் ஒரு வரி விடாமல் வாசிப்பாள், வாசித்துவிட்டு அடுத்த வீட்டாருக்கும் கொடுப்பாள். அதனால்தான் இதை எழுதி அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன். பெயர் போடவில்லை. வாசிக்கும்போது அவளுக்குத் தெரியும்.