தண்ணீர் பார்க்கிற கை

உள்ளங்கையை நீட்டி, படகு எஞ்சினின் பின்னால் பீச்சுகிற தண்ணீரை வாங்குகிறான் பச்சமுத்து. கண்ணை மூடிக்கொள்கிறான். வெதுவெதுப்பாக இருந்தால் தலையை ஆட்டுவான். கொஞ்சம் சுட்டாலும் பேச்சே கிடையாது, எஞ்சினை நிறுத்திவிடுவான்.

"நல்லாத்தான் ஓடிச்சு மாமா, நான் பாத்துக்கினுதான வந்தேன்" என்பான் படகுக்காரன்.

"நீ பாத்த. என் கையி பாக்கலியே."

கரையில் எஞ்சின் பழுது பார்ப்பது அவன்தான். அடுத்தவர் சொல்லை நம்பி ஒரு எஞ்சினையும் கடலுக்கு விட்டதில்லை.

மரக்காணத்துக்குப் பக்கத்தில் எங்கள் குப்பத்தில் சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் வந்தன. பின்னால் மாட்டுகிற எஞ்சினும் கூடவே வந்தது. அது ஓடும்போதே கடல் தண்ணீரை அடியில் உறிஞ்சும், தன் உடம்புச் சூட்டை அதில் ஆற்றிக்கொள்ளும், ஒரு சின்ன ஓட்டை வழியாக வெளியே பீச்சும். அந்தத் தண்ணீர் நின்றால் எஞ்சின் வெந்து இறுகிப்போகும். கரையில் இதற்கு ஒண்ணுக்குப் போவது என்றுதான் பேர். பெண்பிள்ளைகள் நிற்கிறோமே என்று யாரும் வேறு பேர் வைக்கவில்லை.

"மாமா, எங்க எஞ்சினுக்கு சுகர் போல கீது. நிக்காம போய்க்கினே இருக்குது" என்று பையன்கள் கிண்டல் பண்ணுவார்கள்.

"போவட்டும்டா. நின்னாத்தான் பேஜாரு."

மற்ற ஆண்கள் பீடி செருகுகிற காதில் இவன் மெல்லிய கம்பி ஒன்றைச் செருகியிருப்பான். ஓட்டையில் உப்போ மணலோ அடைத்தால் குத்தி எடுப்பதற்கு. குளிக்கும்போதுகூட அதைக் கழற்றுவதில்லை என்று அவன் பெண்சாதி பரிமளா சொல்வாள். தானே புயலில் வீட்டுக் கூரை பறந்தபோது முதலில் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு ஓடினானாம். அவள் பானை சட்டியோடு நனைந்துகொண்டு நின்றாளாம்.

ஒருமுறை கருவாட்டுக் கூடையோடு நான் திண்டிவனம் போனபோது கூட வந்தான். எஞ்சினுக்குள் தண்ணீரைத் தள்ளுகிற ரப்பர் சக்கரம் தேய்ந்துவிட்டது, புதுசு வேண்டும் என்று. கடைக்காரன் எடுத்துக் கொடுத்ததை மடக்கினான், மோந்தான், திருப்பிக் கொடுத்தான். "இது ஸ்கூட்டருக்கு ஆவும். கடலுக்கு ஆவாது." அப்புறம் பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கினோம். கிளாஸைத் தொட்டுப் பார்த்தான். கீழே வைத்துவிட்டான். எங்கள் பஸ் கிளம்பிவிட்டது.

"குடிச்சித் தொலையேன்டா, பஸ் போவுது பாரு."

"ஆறட்டும் பெரிம்மா. சுட்டுக்கினு போயி இன்னா ஆவப் போவுது?"

அன்றைக்கு வெயிலில் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தபடி அவனைத் திட்டித் தீர்த்தேன். இந்தக் காத்திருக்கிற குணம்தான் அவனைக் கெடுத்தது என்று குப்பத்தில் பாதிப் பேர் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கடலில் அது நடந்த அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்ல மாட்டேன்.

சுனாமி கழிந்து மூன்றாம் வருஷத்து ஐப்பசி. அப்பாதுரையின் படகு கவிழ்ந்துவிட்டது, மூன்று பேர் அதைப் பிடித்துக்கொண்டு மிதக்கிறார்கள் என்று சேதி வந்தது. அலையைப் பார்த்து மற்றவர்கள் தயங்க, பச்சமுத்துதான் முதலில் படகைத் தள்ளினான். அவனையும் சேர்த்து நான்கு பேர் போனார்கள். பாதி தூரத்தில் பீச்சுகிற தண்ணீர் நூல் மாதிரி இளைத்தது. கையை வைத்தான். கொதித்தது. நிறுத்திவிட்டான்.

"ஓட்டுடா! எஞ்சின் போனா போவுது!" என்று கூட இருந்தவர்கள் கத்தினார்கள்.

"எஞ்சின் போச்சுன்னா அவங்களோட சேந்து நாமளும் மெதப்போம்" என்றான்.

எஞ்சினைத் தூக்கிப் பார்த்தால், தண்ணீர் உறிஞ்சும் வாயில் பிளாஸ்டிக் பை சுற்றியிருந்தது. பிய்த்து எடுத்தான். கம்பியால் ஓட்டையைக் குத்தினான். சூடு இறங்கட்டும் என்று காத்திருந்தான். ஒருவன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறான். அசையவில்லை. சூடு இறங்கியதும் கிளப்பிக்கொண்டு போனான். போய்ச் சேர்ந்தபோது கவிழ்ந்த படகில் இரண்டு பேர்தான் தொங்கினார்கள். "இப்பத்தான் கைய உட்டான், இப்பத்தான்" என்று அவர்களில் ஒருவன், தேவநாதன், அழுதான்.

அப்பாதுரையின் உடம்புகூடக் கிடைக்கவில்லை. படகை மறுநாள் இழுத்து வந்தார்கள். கடலில் மூழ்கிய எஞ்சினைப் பச்சமுத்து தூங்காமல் பிரித்தான், நல்ல தண்ணீரில் கழுவினான், ஓட வைத்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அப்பாதுரையின் பெண்சாதி வீரம்மாள் கரைக்கு வந்தாள். ஓடுகிற எஞ்சினைப் பார்த்தாள்.

"ஆள உட்டுட்டு எஞ்சினக் காப்பாத்தினு வந்தியா?"

அவனிடம் அவள் பேசிய கடைசிப் பேச்சு அது. ஆறு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அந்தப் படகைத் தேவநாதன் ஓட்டுகிறான், வீரம்மாளுக்குப் பங்கு கொடுக்கிறான். அவள் வீட்டு அடுப்பு எரிவது அந்த எஞ்சினால்தான். சாயந்திரம் படகு கரையேறியதும் பச்சமுத்து வந்துவிடுவான். நீல டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, எஞ்சினின் காலை அதில் இறக்கி ஓடவிடுவான். உள்ளே தங்கிய உப்பு போக வேண்டும். அந்தத் தண்ணீரைக் குழாயடியில் வரிசையில் நின்று அவனே சுமப்பான். "எனக்கு ஒரு கொடம் தூக்கினது உண்டா நீ?" என்பாள் பரிமளா. 

வீரம்மாளிடம் ஒருநாள் நான் வாயைத் திறந்துவிட்டேன். "அவன் மேல இன்னாடி தப்பு? நிறுத்தாம போயிருந்தா ஏழு பேரும் போயிருப்பாங்க."

"அது எனக்கும் தெரியும் அத்தை. தப்பு பண்ணிட்டு வந்து அழுதிருந்தா மண்ணத் தூத்தி வுட்டுட்டு மறந்திருப்பேன். அவன் ஒரு தப்பும் பண்ணலியே. நான் யாரப் போயி வைவேன்?"



போன வாரம் கரையில் கருவாடு திருப்பிக்கொண்டிருந்தேன். டிரம்மில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பச்சமுத்து குனிந்து கயிறு கட்டிக்கொண்டிருந்தான். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீரம்மாள் வந்தாள். எப்போதும் தலையைத் திருப்பிக்கொண்டு போகிறவள், நின்றாள். பீச்சுகிற தண்ணீரைப் பார்த்தாள். இடுப்புக் குடம் அப்படியே இருக்க, மற்றக் கையை நீட்டி அதை வாங்கினாள்.

"சுடுது" என்றாள். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, தண்ணீரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

பச்சமுத்து நிமிர்ந்தான். அவன் கை தண்ணீர்ப் பக்கம் போகவில்லை. நேரே போய் எஞ்சினை நிறுத்தியது.