தார்ப்பாய்க்குள் வளர்ந்த சர்வீஸ்

மயில்சாமியைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது என்று அவன் மனைவி சௌந்திரம் சொன்னால், நான் சண்டைக்குப் போகமாட்டேன். இருந்தாலும் எழுதுகிறேன். நடந்தது முழுதாகத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் என்று பதினோரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாமக்கல்லில் பரமத்தி ரோட்டோரம் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை ஒன்றில் அவன் வெல்டர், நான் பெயிண்டர். அவன் பற்றவைத்து முடித்த கூண்டுக்கு நான் வர்ணம் அடித்து, பின்பக்கம் ‘ஒலி எழுப்பவும்’ என்று எழுதுவேன். முறைக்கு மாமன் மச்சான். அதிகம் பேசமாட்டான். பூப்பந்து பேட்டைக் கையில் எடுத்தால் மட்டும் ஆளே வேறு.

எழுபத்தாறில் அவனுக்குக் கண் எரிய ஆரம்பித்தது. காலையில் இமை ஒட்டிக்கொள்ளும். சௌந்திரம் வெந்நீர் ஒற்றிப் பிரித்துவிடுவாள். டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: வெல்டிங்கை விடாவிட்டால் பத்து வருஷத்தில் பார்வை போய்விடும். விட்டால் சோற்றுக்கு என்ன வழி? ஒரே வழிதான் இருந்தது. சேலத்தில் ஒரு நூல் மில் பூப்பந்து டீம் வைத்திருந்தது. பொங்கலுக்கு ஆத்தூரில் நடக்கும் டோர்னமென்ட்டுக்கு மில் ஆட்கள் வந்து, நன்றாக ஆடும் இரண்டு பேரைப் பொறுக்கி வேலை கொடுப்பார்கள். நிரந்தர வேலை. மயில்சாமிக்கு இருபத்தெட்டு வயது. அந்தப் பொங்கலை விட்டால் அடுத்த பொங்கலுக்கு அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

பூப்பந்து தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர், மஞ்சள் கம்பளிப் பந்து, நடுவில் வலை. பந்து தரையில் விழக்கூடாது. எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் டீம் இருந்தது, ஆனால் கோச் என்று ஒரு ஆளை நான் கண்ணால் கண்டதில்லை. யாரும் யாருக்கும் சொல்லித் தரமாட்டார்கள். அடுத்தவன் ஆடுவதைப் பார்த்துத் திருடிக்கொள்வதுதான் படிப்பு. சேந்தமங்கலத்துக்காரர்கள் மணிக்கட்டைச் சுழற்றி வலையோரத்தில் பந்தைச் சாகடிப்பார்கள். அதை வேப்பமரத்தில் ஏறி உட்கார்ந்து பார்த்துத்தான் நாங்கள் கற்றோம். நாங்களே திருடர்கள் என்பதால் ஊரில் எல்லோரும் திருடராகத்தான் தெரிந்தார்கள்.

அந்த ஆவணியில் மயில்சாமி ஒரு புது சர்வீஸ் கண்டுபிடித்தான். பந்தை அடிக்காமல் பேட்டின் நரம்பால் பக்கவாட்டில் தேய்த்து அனுப்புவான். சுழன்றுகொண்டே போகும் பந்து எதிராளியின் பேட்டில் பட்டதும் கண்ட திசையில் தெறிக்கும். எங்கள் கேப்டன் சின்னண்ணனுக்கு இரண்டு லாரி ஓடியது. மறுநாளே லாரித் தார்ப்பாய்களைக் கொண்டுவந்து, மூங்கில் நட்டு, மைதானத்தைச் சுற்றி நாலு பக்கமும் கட்டிவிட்டார். “ஆத்தூருக்கு முன்னால ஒரு மேட்சுலயும் இத எடுக்கக் கூடாது. நம்ம ஊட்டுப் பொம்பளைகளுக்குக்கூடத் தெரியக் கூடாது” என்றார். ஐந்து பேரில் இடம் கிடைக்காத ஆறாவது ஆளான நான் காவல். விடிகாலை ஐந்தரையிலிருந்து பட்டறை திறக்கும்வரை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தார்ப்பாய்க்கு வெளியே நிற்பேன். நின்று பார்க்கும் பால்காரரைக்கூட முறைத்து அனுப்பியிருக்கிறேன்.

உள்ளே சர்வீஸ் நாளுக்கு நாள் வளர்ந்தது. முதல் மாதம் அவன் கை தொடையோரம் இருந்தது. அப்புறம் எங்கே போனது என்று யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் பந்தைத்தான் பார்த்தார்கள். வெளி மேட்சுகளில் அவன் பழைய சர்வீஸையே போட்டதால் எந்த அம்பயர் கண்ணிலும் இது படவில்லை.

கார்த்திகையில் ஒரு நாள் சைக்கிளில் ஒருவர் வந்து இறங்கினார். பேன்ட், கழுத்தில் விசில், கையில் நோட்டு. தீர்த்தகிரி என்று பெயர், ஓமலூர்ப் பக்கம், பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த டிரில் மாஸ்டர். எனக்கும் அவருக்கும் ஒரே வயதிருக்கும். நோட்டைப் பார்த்ததுமே எனக்கு ஆகவில்லை.

“ஏனுங்கண்ணா, உள்ள வந்து பாக்கலாமுங்களா?”

“உள்ள ஒண்ணுமில்லீங்க. லாரிக்கு அடிச்ச பெயிண்ட் காயுது.”

“பெயிண்ட் காயறதுக்கு இத்தன சத்தமுங்களா?” என்று சிரித்தார். பிறகு மூங்கிலோரக் கிழிசலைக் காட்டினார். “ரெண்டு நாளா ரோட்டுல போறப்ப இது வழியாப் பாத்தனுங்க. அவரு போடற சர்வீஸ் நான் எங்கயும் பாக்காததுங்க. ஆனா பேட்டு பந்துல படறப்ப கை இடுப்புக்கு மேல ஏறிருதுங்க. அம்பயர் ஃபால்ட் குடுத்துருவாருங்க. அரையடி கீழ எறக்கச் சொல்லுங்க. நான் கூட நின்னா பொங்கலுக்குள்ள சரி பண்ணீரலாம்.”

“உங்கள அனுப்புனது ஆரு? சேந்தமங்கலமா, ஆத்தூரா?”

“ஆரும் அனுப்பலீங்க. நான் படிச்ச படிப்பே இதுதானுங்க.”

விளையாட்டுக்கு ஒரு படிப்பாம்! எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. அரையடி இறக்கினால் சுழற்சி போய்விடும், அதற்குத்தான் இந்த ஆள் நல்லவன் மாதிரி வந்து நிற்கிறான் என்று முடிவு கட்டிவிட்டேன். இன்னொரு தடவை இந்தப் பக்கம் பார்த்தால் சைக்கிள் உருப்படியாகத் திரும்பாது என்றேன். அவர் பெடலை மிதித்தார். நான் முதல் வேலையாகக் கிழிசலைத் தைத்தேன்.

இடுப்புக்குக் கீழே அடிக்க வேண்டும் என்ற விதி எனக்கும் தெரியும். உள்ளே போய் இரண்டு நிமிஷம் அவன் கையைப் பார்த்திருக்கலாம். போகவில்லை. தண்ணீர் குடிக்க வெளியே வந்த மயில்சாமி, “ஆரு மாப்ளே அது?” என்றான். “வழி கேட்டுட்டுப் போறான்” என்றேன்.

ஆத்தூரில் முதல் மேட்சே ஆத்தூர் டீமோடுதான். மில் ஆட்கள் மூன்று பேர் முன் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மயில்சாமி முதல் சர்வீஸைப் போட்டான். எதிராளி பேட்டில் பட்ட பந்து கூட்டத்துக்குள் போய் விழுந்தது. ஜனம் ஓவென்று கத்தியது. நானும் கத்தினேன். அம்பயர் விசில் ஊதி, தன் இடுப்பில் கையை வைத்துக் காட்டினார். ஃபால்ட்.

அடுத்த முறையும் ஃபால்ட். மூன்றாவது முறை கையைத் தாழ்த்திப் போட்டான், பந்து வலையைக்கூடத் தாண்டவில்லை. பழைய சர்வீஸுக்குப் போகலாமென்றால், ஆத்தூருக்குக் கிளம்பும் முன் ஒரு மாதம் மேட்சே ஆடாமல் தார்ப்பாய்க்குள் புதியதையே அடித்திருந்தான். கை தானாக மேலே ஏறியது. கடைசியில் நேராக வந்த பந்தைக்கூட விட்டான். இருபத்தொன்பதுக்குப் பதினொன்றில் தோற்றோம். அடுத்த ஆட்டமும் அப்படியே. மில் ஆட்கள் பாதியிலேயே நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பக்கத்து மைதானத்தைப் பார்த்தார்கள்.

திரும்பி வரும்போது லாரியில் ஒரே வசவு. அம்பயரை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்றார்கள். பிறகு யாரோ, ரோட்டிலிருந்து தார்ப்பாய்க்குள் எட்டிப் பார்த்ததைக் கண்டதாகச் சொல்லி, தீர்த்தகிரி பேரை எடுத்தார்கள்: அந்த டிரில் மாஸ்டர்தான் போட்டுக்கொடுத்திருப்பான். சின்னண்ணன் பள்ளிக்கூட வாசலில் போய் நின்று அவரை வாய்க்கு வந்தபடி பேசினார். நானும் பக்கத்தில் நின்றேன். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். ‘நான்தான் உன்னிடம் சொன்னேனே’ என்று அவர் கேட்டிருந்தால் என் வண்டவாளம் அன்றைக்கே தெரிந்திருக்கும். கேட்கவில்லை. அந்த ஜூனில் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். நல்ல மனுஷன். அவருக்குச் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மயில்சாமி மறுநாள் வெல்டிங்குக்கு வந்தான். பேட்டை யாருக்கோ கொடுத்துவிட்டான். பட்டறையில் வேலை பெருகியது; ஒரு நாளைக்கு இரண்டு கூண்டுகூடக் கட்டினோம். எண்பத்துமூன்றில் இடது கண் மங்கியது. எண்பத்தேழில் அது முழுதாகப் போய், வலது கண்ணுக்கு ஆபரேஷன் என்றார்கள். சௌந்திரத்துக்கு உடம்பு சரியில்லாததால் சேலத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் முறைக்காகக் காத்திருந்தோம். அவன் தலையைச் சாய்த்து, இருக்கிற கண்ணால் சுவரிலிருந்த பெரிய எழுத்தைக் கூட்டிக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தீர்த்தகிரி சொன்னது, நான் விரட்டியது, வழி கேட்டான் என்று பொய் சொன்னது. சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவன் என் பக்கம் திரும்பவில்லை.

“தெரியும் மாப்ளே. நீ வெளிய, நான் உள்ள. தார்ப்பாய் என்ன செவுரா? அவரு பேசுனது அத்தனையுங் கேட்டுச்சு.”

“அப்பறம் ஏன்டா கைய எறக்கல?”

“எறக்கலாம்னுதான் வெளிய வந்தேன். ஆருன்னு உன்னையக் கேட்டேன். வழி கேட்டான்னே.” தோள் துண்டால் கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டான். “அவரு சொன்னது நெசமா இருந்தா மாப்ள நம்மகிட்டச் சொல்லாம இருப்பானான்னு உட்டுட்டேன்.”

நர்ஸ் அவன் பெயரைக் கூப்பிட்டாள். எழுந்தவனுக்கு வாசற்படி எங்கே என்று தெரியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போனான்.